மழைக்கு முன் அள்ளிய கூனி

கூனி இறால் காயும் காலத்தில் புஸ்பத்தின் வளவுக்கு வருகிறவர்கள் வேலிக் கடப்படியிலேயே மூக்கைச் சுருக்கிக்கொள்வார்கள். அவளுக்கு அது மணமாகத்தான் தெரிந்தது. மருமகன் திவாகரன் வாவியிலிருந்து விடிய விடியக் கொண்டுவந்து கொட்டும் கூனி, பச்சையில் நகத்துண்டுகள் போல ஒன்றோடொன்று ஒட்டிக் குவிந்து கிடக்கும். பாசியும் குஞ்சு மீனும் பொறுக்கி, கழுவி, உப்புத் தண்ணீரில் ஒரு கொதி காட்டிப் படங்குத் துணியில் பரப்பினால் வெயில் ஏற ஏறச் சிவந்து வரும். மத்தியானத்தில் கிளறிவிட வேண்டும். காகத்துக்கும் பூனைக்கும் காவல் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக மழை படக்கூடாது. ஈரம் பட்ட கூனி அடுத்த நாளே கறுத்து நாறிவிடும். ஓட்டமாவடியிலிருந்து லொறியில் வரும் வியாபாரி பக்கீர் அதைத் தொட்டும் பார்க்க மாட்டார்.

தேற்றாத்தீவில் வாவியைப் பார்த்தபடி இருந்தது அந்த வீடு. மகள் நிருஷாவுக்குச் சீதனமாகக் கட்டிய வீடு. அந்தப் பக்கத்து வழக்கப்படி மருமகன்தான் வந்து சேர்ந்தான். புருசனை இழந்த புஸ்பம் பின்னறையைத் தனக்கு வைத்துக்கொண்டு, முன்னறையை அவர்களுக்கு விட்டிருந்தாள். முன்னறை ஜன்னல் மேற்கே வாவிப் பக்கம் திறக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த ஜன்னலால் வெக்கையும் வரும், கூனி மணமும் வரும்.

அதனால் அந்த வருடம் அந்த ஜன்னல் திறக்கப்படவே இல்லை. பழைய சேலை ஒன்றை இரண்டாக மடித்து ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே, பகலில் இருட்டாக்கிய அறையில், எட்டாம் மாதத்து வயிற்றோடு நிருஷா ஒருக்களித்துப் படுத்திருப்பாள். நெற்றியில் ஈரத்துணி. தலைமாட்டில் ஒரு சிரட்டையில் தேசிக்காய்த் தோல். கூனி மணம் வரும்போது அவள் அந்தத் தோலைக் கசக்கி மூக்கில் வைத்துக்கொள்வாள்.

ஒற்றைத் தலையிடி அவளுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே தொடங்கியது. முதலில் கண்ணின் ஓரத்தில் ஒரு வெளிச்சம் நெளியும். தகரத்தில் வெயில் பட்டுத் தெறிப்பது போல. பிறகு இடப்பக்கம், கண்ணுக்குப் பின்னால், ஒருவர் விரலை விட்டுக் குடைவது போல் வலி ஏறும். வாந்தி வரும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. ஒரு நாள் கிடந்து எழும்பினால் மறுநாள் துவைத்துப் போட்ட துணி போல இருப்பாள். கல்யாணத்துக்கு முன் அது மாதத்தில் ஒரு தரம் வந்து போனது. பிள்ளை தரித்த பிறகு, கிழமைக்கு இரண்டு தரம், சில கிழமை அதற்கும் கூட. படிப்பித்துக்கொண்டிருந்த பாலர் பாடசாலை வேலையை விட்டாள். பிள்ளைகளின் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். ஆனால் அவர்கள் பாட்டுப் பாடத் தொடங்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

"நானும்தான் மூண்டு பெத்தன். ரெண்டு தங்கல்ல, நீ தங்கினாய்" என்பாள் புஸ்பம், சுக்கு அரைத்து நெற்றியில் பத்துப் போட்டபடி. "பெறுற நாள் வரைக்கும் வயல்ல புல்லுப் புடுங்கினன். தலையிடி எண்டு படுத்தா ஆர் மனே சோறு ஆக்கித் தருவாங்க அப்ப?"

"நான் வேணுமெண்டா படுக்கிறன் அம்மா?"

"உன்னச் சொல்லல்ல. கிடக்கக் கிடக்க உடம்பு கிடக்கத்தான் பாக்கும் எண்டு சொல்றன். எழும்பி வெள்ளணக் கொஞ்சம் நடந்தா என்ன?"

நிருஷா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். வலி இல்லாத நாட்களில் எழும்பி, முற்றம் கூட்டி, முருங்கையிலை சுண்டி, தாய்க்கு முந்திச் சட்டி பானை கழுவி வைப்பாள். கடன் தீர்ப்பவள் போல ஓடி ஓடிச் செய்வாள். அப்படிச் செய்த மறுநாள் கட்டாயம் தலையிடி வரும்.

கிராமத்து மிட்வைப் மேர்லின் மிஸ் ஸ்கூட்டியில் வந்து போவாள். டவுணில் இருந்து மாற்றலாகி வந்தவள். அதட்டியும் பேசுவாள், சிரித்தும் பேசுவாள். அவள் சொன்னதெல்லாம் நிருஷாவுக்கு மனப்பாடம். பசி கிடக்கக் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். நித்திரை முறியக் கூடாது. தலையிடி தொடங்கும்போதே இருட்டில் படுக்க வேண்டும். தாங்க முடியாவிட்டால் பனடோல் போடலாம், பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது. கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிருஷா செய்தாள். பனடோலை மட்டும் அவள் தொடவில்லை.

அதற்குக் காரணம் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பிள்ளை தரித்தது தெரியவருமுன், முதல் ஒன்றரை மாதம், அவள் பழைய வழக்கப்படி தலையிடிக்குப் பாமசியில் வாங்கும் சிவப்புக் குளிசையைப் போட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் குளிசை கெதியாகக் கேட்கும். ஒன்று போட்டுக் கேட்காவிட்டால் இரண்டு. பிறகு நாள் தள்ளிப்போனதை உணர்ந்து, குளிசை மட்டையைத் திருப்பிப் பார்த்தபோது கர்ப்பிணிகள் பாவிக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. மட்டையை அடுப்பில் போட்டு எரித்தாள். அன்றிலிருந்து, ஒவ்வொரு தலையிடியையும் அவள் அந்தக் குளிசைகளுக்கான தண்டனையாக எண்ணிக்கொண்டாள். மருந்து போடாமல் இதைத் தாங்கிக் கிடந்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று மனதுக்குள் ஒரு பேரம். வயிற்றில் பிள்ளை துள்ளும்போது மற்றப் பெண்களைப் போல அவள் சிரிக்கவில்லை. கை இருக்கிறதா, கால் இருக்கிறதா என்றே நினைத்தாள்.

ஒரு நாள் காலை மேர்லின் மிஸ் வந்தபோது புஸ்பம் முற்றத்தில் கூனி பொறுக்கிக்கொண்டிருந்தாள். மிஸ் உள்ளே போய் நிருஷாவின் கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"கொஞ்சம் கூடிக் கிடக்கு. போன முறை இப்படி இல்ல. காலக் காட்டுங்க." கணுக்காலை விரலால் அமுக்கினாள். குழி விழுந்து நின்றது. "தலையிடி எப்படி?"

நிருஷா வாய் திறக்குமுன் வாசலில் நின்ற புஸ்பம் சொன்னாள்: "அது அவக்கு எப்பவும் இரிக்கிறதுதானே மிஸ். சின்னனிலயே இரிக்கு. வயித்துப் புள்ளயால வந்ததில்ல."

"நான் அவவக் கேட்டனான் அம்மா."

"எப்பவும் வாறதுதான் மிஸ்" என்றாள் நிருஷாவும்.

மேர்லின் மிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அதுதான் எனக்குப் பயம். எப்பவும் வாறவைக்கு வேற ஒண்டு வந்தாலும் அதுதான் எண்டு நினைச்சிருவீங்க. கேளுங்க. தலையிடி வழமைய விட வேற மாதிரி இருந்தா, கண் மங்கினா, நெஞ்சுக்குக் கீழ நொந்தா, முகம் கை வீங்கினா, பாத்துக்கொண்டு இருக்காதீங்க. எனக்கு ஒரு கோல். உடன ஆஸ்பத்திரி. வாற புதன் கிளினிக்குக்குக் கட்டாயம் வாங்க, டொக்டர் பாக்கோணும்."

"ஓம் மிஸ்" என்றார்கள் இருவரும்.

அந்தப் புதனன்று அவர்கள் போகவில்லை. செவ்வாயும் புதனும் வாவியில் கூனி கொட்டிக் கிடந்தது. திவாகரன் கரைக்கு வந்து கொட்டிவிட்டுத் தோணியைத் திருப்பிக்கொண்டு மறுபடி போனான். படங்குகள் போதாமல் பக்கத்து வீட்டிலும் வாங்கிப் பரப்பினார்கள். "இண்டைக்குப் போகத்தான் வேணுமா?" என்று புஸ்பம் கேட்டாள். கேட்டபோதே மகள் ஓம் சொல்லக்கூடாது என்று அவளுக்கு இருந்தது. நிருஷாவுக்கோ, டொக்டர் துருவித் துருவிக் கேட்டால் குளிசைக் கதை வெளியே வந்துவிடும் என்ற பயம்.

"அடுத்த கிழமை போவம்" என்றாள் அவளே. புஸ்பத்துக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம். கச்சான் நின்று போய், இலை அசையவில்லை. முற்றம் முழுக்கக் கூனி சிவந்து சலசலக்கும் பதத்துக்கு வந்திருந்தது. இன்னும் ஒரு வெயில் போதும். பக்கீர் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். திவாகரன் வாவிக்குள் நின்றான். படுவான்கரைப் பக்கம், வாவிக்கு அப்பால், வானம் சட்டிக்கரி போலக் கறுத்து வருவதைப் புஸ்பம் கண்டாள்.

"அம்மா."

உள்ளேயிருந்து குரல் வந்தது. புஸ்பம் படங்கின் ஒரு மூலையைத் தூக்கியபடியே திரும்பினாள். நிருஷா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் ஊதியிருந்தது. நித்திரை முகம் என்று நினைத்தாள் புஸ்பம்.

"ஏன் எழும்பினாய்? கிட."

"அம்மா, இது அது இல்ல."

"எது?"

"இந்தத் தலையிடி. வெளிச்சம் நெளியல்ல. ஒரு பக்கமில்ல, முழுத்தலையும் இடிக்குது. கண் புகைச்சல் மாதிரிக் கிடக்கு, உங்கட முகம் வடிவாத் தெரியல்ல." வலக்கையை நெஞ்சுக்குக் கீழே வைத்தாள். "இதில இறுக்கிப் புடிக்குது."

"காலம ஒரு வாய் கஞ்சியும் குடிக்கல்ல. வெறும் வயிறு இறுக்காம என்ன செய்யும்?"

"மிஸ்ஸுக்கு ஒருக்கா கோல் எடுங்க அம்மா."

வாவிக்கு மேல் முழங்கியது. தென்னோலைகள் முதல் தரமாக அசைந்தன.

"எடுக்கிறன் மனே. இந்தா முழங்குது, பாத்தியா. நீ போய்ச் சரிஞ்சு கிட. இத அள்ளி வச்சிட்டு வாறன்."

நிருஷா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு சுவரைத் தடவித் தடவி உள்ளே போனாள்.

புஸ்பம் அன்றைக்கு வேலை செய்த வேகத்தை அவளாலேயே பிறகு நினைத்துப் பார்க்க முடியவில்லை. படங்குகளை நாலு மூலையிலும் பிடித்துச் சுருட்டினாள். சுளகால் வாரிச் சாக்குக்குள் கொட்டினாள். ஓரங்களில் சிதறியதை விளக்குமாற்றால் கூட்டி அதையும் அள்ளினாள். ஒவ்வொரு சாக்காக இழுத்துக் குசினிக்குள் அடுக்கினாள். இடுப்பு நொந்தது, மூச்சு வாங்கியது, கண்ணுக்குள் வேர்வை இறங்கி எரிந்தது. நடுவில் ஒரு தரம் உள்ளேயிருந்து வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. அது எப்பவும் கேட்கும் சத்தம்தான். கடைசிச் சாக்கை வாசற்படி தாண்டி இழுத்தபோது முதல் துளி அவள் முதுகில் விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். வெறும் முற்றத்தில் மழை புள்ளி புள்ளியாக இறங்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"மகள், ஒரு சொட்டும் படல்ல!" என்று உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

பதில் இல்லை. கை கழுவினாள். சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்தாள். பிறகுதான் முன்னறைக்குப் போனாள்.

நிருஷா பாயில் இல்லை, தரையில் கிடந்தாள். கழுத்து ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் திறந்திருந்தும் பார்வை இல்லை. கைகால்கள் விறைத்து வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரையில் இரத்தம் கலந்திருந்தது.

புஸ்பம் போட்ட கூச்சலுக்கு மழைக்குள்ளால் அக்கம்பக்கம் ஓடி வந்தது. ஆரோ நிருஷாவை ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தார்கள். ஆரோ மேர்லின் மிஸ்ஸுக்கு எடுத்தார்கள். அடுத்த வளவு ஜொய்சன் ஓட்டோவை முற்றத்துக்குள்ளேயே ஏற்றினான். புஸ்பம் மருமகனின் நம்பரை அழுத்தினாள். அவனுடைய ஃபோன் வீட்டுக்குள்ளேயே, சாமித்தட்டுக்குப் பக்கத்தில் கிடந்து அடித்தது. முந்தின கிழமை ஃபோன் தண்ணீருக்குள் விழுந்ததால் அவன் அதை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தான்.

ஓட்டோவில் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் புஸ்பம். வலிப்பு நின்றிருந்தது, குறட்டை போல மூச்சு மட்டும் வந்தது. "கெதியா விடு தம்பி, கெதியா விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஜொய்சன் ஹோர்னை அழுத்தியபடியே ஓட்டினான். மழையில் பிரதான வீதி வெள்ளையாகக் கிடந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் மேர்லின் மிஸ் அவர்களுக்கு முந்தி வந்து நனைந்தபடி நின்றாள். தள்ளுவண்டியில் நிருஷாவை ஏற்றிக் கதவுகளுக்கு அப்பால் கொண்டுபோனார்கள். ஊசி, சலைன், பிறகு ஒப்பரேசன் தியேட்டர். புஸ்பம் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு பெண் மெல்ல எழும்பி அடுத்த வாங்குக்கு மாறிப்போனாள். புஸ்பம் தன் கையை முகர்ந்து பார்த்தாள். கூனி. குழாயடியில் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். கழுவக் கழுவ அழுகை வந்தது.

திவாகரன் வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தோணிக்காரர் ஒருவர் வாவிக்குள் போய்ச் சொல்லி அனுப்பியிருந்தார். நனைந்த சாறனோடு, சேறு காலோடு வந்து அவள் முன்னே நின்றான்.

"என்ன மாமி நடந்த?"

"வலிப்பு, மருமகன். திடீரெண்டு..." என்றாள். 'திடீரெண்டு' என்று சொன்னதும் அவன் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டாள்.

வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மெல்லிய குரலில் ஒரு தரம் அழுததாம். குறைமாதப் பிள்ளைகளின் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். நிருஷாவுக்கு அன்றைக்கு நினைவு திரும்பவில்லை, மறுநாளும் அரைகுறை. அந்த இரண்டு நாளும் மாமியும் மருமகனும் ஒரே வாங்கில் இருந்தார்கள். அவன் வாங்கி வந்த சோற்றுப் பார்சல் பிரிக்காமலே கிடந்தது.

திங்கட்கிழமை காலை டொக்டர் ஸுஹைனா வாட்டுக்கு வந்தபோது நிருஷா தலகணியில் சாய்ந்திருந்தாள். நாக்குக் கடிபட்டு வீங்கியிருந்ததால் பேச்சுக் கொழகொழத்தது. ஒரு பக்கம் திவாகரன், மறு பக்கம் புஸ்பம்.

"பிள்ளையப் பாத்தீங்களா?" என்று கேட்டார் டொக்டர்.

"நேத்து இரவு தள்ளுவண்டியில கொண்டு போய்க் காட்டினவங்க." நிருஷா டொக்டரின் கையைப் பிடித்தாள். "டொக்டர், ஒண்டு சொல்லோணும். என்னாலதான் இது. முதல்ல, தெரியாம, தலையிடிக் குளிசை போட்டனான். நிறையப் போட்டன். கூடாதெண்டு போட்டிருந்தது. நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல."

திவாகரன் நிமிர்ந்து பார்த்தான். டொக்டர் கட்டில் விளிம்பில் அமர்ந்து, குளிசையின் பெயரைக் கேட்டார், எவ்வளவு காலம் என்று கேட்டார்.

"அந்தக் குளிசை நல்லதில்லதான். இனிக் கேக்காமப் போடாதீங்க. ஆனா இந்த வலிப்பு அதால வந்ததில்ல. இது பிரஷரால வந்தது. பிள்ளையையும் தலையில இருந்து கால் வரைக்கும் பாத்திருக்கம், உறுப்பெல்லாம் சரியா இருக்கு. விளங்குதா? நீங்க பனடோலும் போடாமத் தாங்கிக்கிட்டுக் கிடந்ததால ஒருத்தருக்கும் ஒரு லாபமும் இல்ல."

நிருஷா கண்ணை மூடினாள். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. அவள் நெஞ்சு ஏறி இறங்கியதைப் பார்க்க, இத்தனை மாதமும் அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது போல இருந்தது.

"வலிப்புக்கு முந்தி ஏதும் தெரிஞ்சதா? தலையிடி, கண் மங்கல்?" டொக்டர் புஸ்பத்தைத் திரும்பிப் பார்த்துத்தான் கேட்டார். "வீட்டில ஆர் நிண்ட?"

நிருஷா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"தலையிடிச்சது டொக்டர். வழமையானதெண்டு நினைச்சு நான் அம்மாட்டச் சொல்லல்ல. அம்மாக்குத் தெரியா."

டொக்டர் எழுதத் தொடங்கினார். அந்தப் பேனா ஓடி முடிந்தால் எல்லாம் முடிந்துவிடும். மகள் கதவைத் திறந்து விட்டிருக்கிறாள். அந்த வழியால் வெளியே போய்விட்டால் போதும். புஸ்பத்துக்கு அது நன்றாக விளங்கியது. அந்தக் கதவால் போய்விட வேண்டும் என்றும் இருந்தது.

"இல்ல டொக்டர்" என்றாள். "அவ சொன்னவ. வேற மாதிரி இடிக்குதெண்டு சொன்னவ. கண் தெரியல்ல எண்டும் சொன்னவ. மிஸ்ஸுக்கு எடுக்கச் சொன்னவ. மழை வந்தது. நான் கூனி அள்ளப் போயிட்டன்."

"அம்மா" என்றாள் நிருஷா.

"எல்லாத்தையும் அள்ளி வச்சிட்டு, கையும் கழுவிட்டுத்தான் போய்ப் பாத்தனான்."

திவாகரன் எழும்பி வெளியே போனான். டொக்டர் ஸுஹைனா பேனாவை மூடினார்.

"முந்தி வந்திருந்தா வலிப்பு வராமல் தடுத்திருக்கலாம்" என்றார் மெதுவாக. "பிள்ளைய எப்படியும் நேரத்தோட எடுத்துத்தான் இருப்பம். ரெண்டு பேரும் தப்பிட்டாங்க அம்மா. எல்லாருக்கும் அப்படி நடக்கிறதில்ல."

அதை ஏச்சு என்றும் சொல்ல முடியவில்லை, ஆறுதல் என்றும் சொல்ல முடியவில்லை. புஸ்பம் தலையை ஆட்டினாள்.

டொக்டர் போனபிறகு நிருஷா கேட்டாள், "ஏன் சொன்னீங்க?"

"நீ ஏன் பொய் சொன்னாய்?"

"உங்கட மூஞ்சியப் பாக்க ஏலாமக் கிடந்தது."

புஸ்பம் பால் எடுக்கும் சின்னக் கோப்பையைச் சுடுதண்ணீரில் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாள். நிருஷா கஷ்டப்பட்டுப் பிழிந்த கொஞ்சப் பாலைப் புஸ்பம் இரண்டு கையாலும் மூடிப் பிடித்தபடி பிள்ளைகளின் அறைக்குக் கொண்டுபோனாள். படியில் ஒரு துளியும் சிந்தாமல், ஒவ்வொரு படியாக.

அன்றைக்குப் பக்கீர் லொறியோடு வந்து, வீடு பூட்டிக் கிடக்க, விஷயம் கேள்விப்பட்டுத் திரும்பிப் போனார். ஒரு கிழமைக்குப் பிறகு புஸ்பம் துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது குசினிக்குள் சாக்குகள் அப்படியே அடுக்கிக் கிடந்தன. நல்ல கூனி. ஒன்றும் பழுதாகவில்லை. அடுத்த வளவு ஜொய்சனின் தாயிடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். "எப்பவாவது தாறதத் தாங்க, தராட்டியும் பரவாயில்ல" என்றாள். அவர்கள் தூக்கிப் போகும்போது அவள் உள்ளே நிற்கவில்லை.

மாதக் கடைசியில் தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளை இரண்டு கிலோவைத் தொட்டிருந்தது. திவாகரன் முன்னறையைக் கழுவி, புது நுளம்புவலை கட்டி, முற்றத்தில் வலை உலர்த்துவதையும் நிறுத்தி வைத்திருந்தான். புஸ்பத்தோடு அவன் பேசாமல் இல்லை. "மாமி, தண்ணி சுடவா?" "மாமி, மருந்து நேரம்." எல்லாம் மரியாதையாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. முன்பென்றால் சோற்றில் உப்புக் கூடினால் முகத்துக்கு நேரே சொல்லிச் சிரிப்பான். இப்போது உப்புக் கூடிய மீன் ஆணத்தை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழும்பினான்.

ஒரு நாள் காலை நிருஷா, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், "தல இடிக்கப் போகுது போல" என்றாள். சும்மா சொல்வது போலத்தான் சொன்னாள். புஸ்பம் அடுப்பில் கொதித்த பானையை அப்படியே விட்டு, செருப்பும் போடாமல் கடப்படியைத் தாண்டி ஓடிவிட்டாள். ஜொய்சனின் ஓட்டோ வந்து நின்றபோதுதான் நிருஷாவுக்கு விஷயம் விளங்கியது.

"அம்மா, இது பழையதுதான். வெளிச்சம் நெளியுது. இடப்பக்கம்தான்."

"ஏறு."

"எனக்கு வித்தியாசம் தெரியும் அம்மா."

"உனக்குத் தெரியும். அண்டைக்கும் உனக்குத் தெரிஞ்சதுதானே" என்றாள் புஸ்பம். "ஏறு மனே. ஒருக்கா அளந்து பாத்திட்டு வருவம்."

மேர்லின் மிஸ் அளந்து பார்த்தாள். பிரஷர் சரியாக இருந்தது. இரண்டு பனடோல் கொடுத்து, தன் முன்னாலேயே விழுங்க வைத்தாள். நிருஷா முதலில் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். பிறகு போட்டுத் தண்ணீர் குடித்தாள். வீட்டுக்கு வந்து இருட்டறையில் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் நித்திரையாகிவிட்டாள். இத்தனை மாதத்தில் தலையிடியோடு அவள் அப்படி உறங்கியதைப் புஸ்பம் கண்டதில்லை. கதவோரம் நின்று பார்த்தாள். இரண்டு பனடோல், இவ்வளவு சின்ன விஷயமாக இருந்திருக்கிறது, ஏன் போடவில்லை என்றுகூட நான் அவளிடம் கேட்கவில்லையே என்று நினைத்தாள்.

திவாகரன் வெளியே வேப்ப மர நிழலில், பிள்ளையை நெஞ்சில் சாய்த்தபடி நின்றான். ஆஸ்பத்திரியில் பழக்கிவிட்டது போல, சேட்டுக்குள் விட்டு, வெறும் தோலோடு. புஸ்பம் அவனிடம் போனாள்.

"மருமகன்."

"என்ன மாமி?"

"ஒருக்கா என்ன ஏசுங்க." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "அண்டையில இருந்து நீங்க ஒரு சொல்லும் சொல்லல்ல. மனசில இரிக்கிறதக் கொட்டுங்க. நான் கேட்டுக்கிறன். வீட்ட விட்டுப் போ எண்டாலும் போறன்."

அவன் வாவிப் பக்கம் திரும்பினான். பிள்ளையின் தலை சேட்டுக்குள்ளால் ஒரு சின்னப் பனங்காய் போலத் தெரிந்தது.

"ஏசினா உங்களுக்கு லேசாப் போயிரும் மாமி" என்றான். "எனக்கும் லேசாப் போயிரும். செவ்வாய், புதன் எண்டு நான்தானே கூனியக் கொண்டு வந்து குவிச்சனான். கிளினிக் நாள் எண்டு எனக்கும் தெரியும். ஃபோனையும் விட்டிட்டுப் போனன். உங்கள ஏசிப்போட்டு நான் நல்லவனா இரிக்க ஏலா."

புஸ்பம் தலைப்பை விரலில் இருந்து அவிழ்த்தாள்.

"எனக்கு உங்களோட கோவம் இரிக்கு. இல்ல எண்டு சொல்ல மாட்டன். அது இரிக்கட்டும்." பிள்ளையை மெல்ல வெளியே எடுத்தான். அது முகத்தைச் சுளித்து, கைகளை விரித்து, மறுபடி சுருட்டியது. "இவவப் புடிங்க. நான் குளிச்சிட்டு வாறன். நெஞ்சோட அணைச்சு வையுங்க, சூடு வேணும் அவக்கு."

"நானா?"

"வேற ஆர் இரிக்கிறாங்க வீட்டில?"

அவன் கிணற்றடிக்குப் போனான். புஸ்பம் வேப்ப மரத்தடியில் கால் நீட்டி இருந்து, சட்டையின் மேலிரண்டு ஊசிகளைக் கழற்றி, பிள்ளையை நெஞ்சில் வைத்துச் சேலையால் மூடினாள். ஒரு கோழிக்குஞ்சின் அளவு சூடு. கொஞ்ச நேரம் அது மூக்கால் தேடியது. பால் இல்லை என்று தெரிந்தும் அழாமல், கன்னத்தை அப்படியே ஒட்டி வைத்துக்கொண்டு உறங்கிப்போனது. கிணற்றடியில் வாளி இறங்கும் சத்தம் கேட்டது. கால் விறைக்கத் தொடங்கியது. அசைந்தால் எழும்பிவிடும் என்று புஸ்பம் அசையாமல் இருந்தாள்.